ஹார்மோன் ஊசி: வீட்டில் மறைக்காதீங்க
(நமது மூத்த குடிமக்கள் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



கூச்சமான விஷயந்தான். ஆனா நான் வாயை மூடிட்டு இருந்து பட்ட பாட்டை நீங்க படக்கூடாதுன்னு பேச வந்தேன்.

எனக்குப் புராஸ்டேட் புற்றுநோய். மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி போட்டுக்கறேன். டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன்தான் இந்த நோய்க்குத் தீனி. அதைக் குறைச்சா நோய் அடங்கும்னு 1941-ல சார்லஸ் ஹக்கின்ஸ்ங்கற டாக்டர் காட்டினார். 1966-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சது. ஆனா நம்ம எலும்பு, தசை, மனசு எல்லாமே அதே ஹார்மோனை நம்பித்தான் இருக்குதுங்க.

போன மார்கழியில கொடிசியா பக்கம் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டு நடக்க, எனக்கு மட்டும் உடம்பு கொதிச்சு வேர்த்துக் கொட்டுச்சு. கொஞ்ச நேரத்துல தானா அடங்கிரும். ராத்திரியும் அப்படித்தான், தூக்கம் போச்சு. அசதி, தொப்பை, மார்புல லேசா வீக்கம், காரணமே இல்லாம கண்ணீர். தாம்பத்திய ஆசையும் அத்துப்போச்சு. அதைச் சொல்ல வெக்கப்பட்டு ஹால்ல படுக்க ஆரம்பிச்சேன்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா கேட்டாங்க: "ஏனுங்க, என் மேல கோவமா?" ரெண்டு மாசமா அவங்க மனசுக்குள்ளயே அழுதிருக்காங்க. நானோ அடுத்த ஊசியை யாருக்கும் தெரியாம விட்டுரலாம்னு இருந்தேன். அன்னைக்குத்தான் எல்லாத்தையும் சொன்னேன்.

அவங்களே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனாங்க. "இதெல்லாம் மருந்தோட வேலை, உங்க தப்பு இல்லை. ஊசியை மட்டும் நீங்களா நிறுத்தாதீங்க" என்றார் டாக்டர். டெக்ஸா ஸ்கேன்ல எலும்பு மெலிஞ்சிருந்தது. கால்சியம், வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தமும் ஏறலாம்னு அப்பப்போ பார்க்கச் சொன்னார். வேர்வைக்கும் மனச்சோர்வுக்கும் ஆசைக்குறைவுக்கும் வழி இருக்குதாம், கேட்டாத்தான் கிடைக்கும்.

நடை மட்டும் போதாது, தசைக்கும் வேலை வேணும். தண்ணி நிரப்பின ரெண்டு பாட்டிலைத் தூக்கி இறக்கறேன். நாற்காலியில உக்கார்ந்து எந்திரிக்கறேன். எலும்பு மெலிஞ்சவங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க. பாத்ரூம்ல கைப்பிடி போட்டாச்சு. விழுந்தா இடுப்பு எலும்பு போயிரும்.

எல்லாருக்கும் எல்லாத் தொந்தரவும் வராதுங்க. வந்தா மறைக்காதீங்க; முதல்ல வீட்டுல சொல்லுங்க, அப்புறம் டாக்டர்கிட்ட. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லக் கூச்சமா இருந்தா சாயங்காலம் நம்ம பூங்கா பெஞ்சுக்கு வாங்க, நான் அங்கதான் இருப்பேன்.