நின்ற புகழும் மறைந்த புகழும்

செவிலிமேட்டை அடுத்த காஞ்சியில் தனகோடி அம்மாள் புகழ்மிக்க பாடகியாக விளங்கினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அவர் குரல் இசைத்தட்டில் பதிவாயிற்று. ஆயினும் இன்று அவர் பெயரை அறிந்தோர் சிலரே. இசை வேளாளர் மகளிரின் கலை மரபைச் சமுதாயம் ஒதுக்கியதும் அம்மறதிக்கு ஒரு காரணமாகும்.

அவர் உடன்பிறந்தாளின் மகன் நாயனாப் பிள்ளையோ (1889–1934) இசைத்தட்டில் பதிவாகாதவர். எனினும், சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை முதலிய மாணாக்கர் வழியே அவர் பாணி நிலைத்தது. அவர் பாடக் கேட்டு வளர்ந்த டி. கே. பட்டம்மாள் (1919–2009), தம்பி ஜயராமனையும் பேர்த்தி நித்யஸ்ரீயையும் பயிற்றுவித்தார்.

ஆக, இசைத்தட்டு குரலைக் காக்கும்; புகழைக் காப்பது வழிவழியாகப் பாடும் நாவே. பாவு மட்டும் சேலையாகாது. ஊடையும் வேண்டும் என்பதைத் தறியறிந்த இவ்வூரார் அறிவர். தனகோடியின் இசைத்தட்டுகளை இளைஞர் தேடிக் கேட்டுப் பாடினால், அக்குரலும் மீண்டும் வாழும்.