பயிற்சி தந்த தந்தையும் வளர்ந்த மகளும்



பிள்ளைகளை இசை வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பலர் இங்கே அமர்ந்துள்ளீர்கள். ஒரு குழந்தை இசைக் கலைஞராக வளர்வதற்குப் பெற்றோர் எவ்வளவு தூரம் உடன் நடக்க வேண்டும், எவ்விடத்தில் கையை விட வேண்டும்? இவ்வினாவைச் சிந்திக்க, ஜெர்மானியப் பியானோ கலைஞர் கிளாரா ஷூமானின் வாழ்க்கை பெரிதும் துணை செய்யும்.

கிளாரா 1819ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் லைப்சிக் நகரில் பிறந்தார். தந்தை பிரீட்ரிக் வீக் பியானோ ஆசிரியர், தாய் பாடகி. பெற்றோர் பிரிந்தபின் கிளாரா தந்தையிடம் வளர்ந்தார். நான்கு வயது வரையில் குழந்தைக்குச் சரிவரப் பேச்சு வரவில்லை. காது கேளாதோ என்றும் வீட்டார் ஐயுற்றனர்.

அக்குழந்தைக்கு ஐந்தாம் வயதில் தந்தை பாடம் தொடங்கினார். எடுத்த எடுப்பிலேயே இசைக்குறிகளைப் படிக்கச் சொல்லாமல், முதலில் செவியையும் விரலையும் பழக்கினார். நாள்தோறும் ஒரு மணி நேரம் பாடம்; அதன்மேல் பயிற்சி; திறந்த வெளியில் நெடுநேர நடை. இசையமைப்பைக் கற்கவும் ஏற்பாடு செய்தார். பலன் விரைவிலேயே தெரிந்தது. 1828இல், ஒன்பது வயதில், கெவாண்ட்ஹவுஸ் அரங்கில் கிளாரா மேடையேறினார். 1835இல், தாமே இயற்றிய பியானோ கான்செர்ட்டோவை மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த வாசித்தபோது, அவருக்கு வயது 16.

ஆயினும் ஒரு செய்தியை இங்கே கருத வேண்டும். கிளாராவின் நாட்குறிப்பைத் தொடங்கியவர் தந்தையே. மகள் எழுதுவதுபோல் ‘நான்’ என்று எழுதியவரும் அவரே! மேடையில் வாசித்த துண்டுகளும் அந்நாளில் கூட்டத்தாரை வியக்கவைக்கும் விரல்வேகத் துண்டுகளாகவே பெரும்பாலும் இருந்தன.

மகள் தந்தையின் மாணவரான ராபர்ட் ஷூமானை மணக்க விரும்பியபோது வீக் கடுமையாக மறுத்தார். 1839இல் தந்தையின் துணையின்றிப் பாரிஸ் சென்ற கிளாரா, நிகழ்ச்சி ஏற்பாடுகளைத் தாமே கவனித்தார். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. 1840 செப்டம்பர் 12இல், 21 வயது நிறைவதற்கு முதல் நாள், திருமணம் நடந்தேறியது.

அவருடைய இசையும் ஆண்டுதோறும் ஆழங்கண்டது. விரல்வேகத் துண்டுகள் குறைந்தன. பாக், பீத்தோவன், ஷூமான் ஆகியோரின் படைப்புகள் முதலிடம் பெற்றன. தாளைப் பாராமல் மனப்பாடமாக வாசிப்பது அகந்தை எனக் கருதப்பட்ட காலத்திலேயே அவர் அவ்வாறு வாசித்தார். பின்னர் அதுவே மேடை மரபாயிற்று.

இழப்பும் இருந்தது. கணவர் இசையமைக்க அமைதி வேண்டியதால், பயிற்சி செய்யக்கூட அவருக்குப் பல நாள் வாய்ப்பில்லை. பெண்ணொருத்தி இசையமைக்கலாமா என்ற ஐயம் அவரை இளமையிலேயே பற்றியிருந்தது. 1856இல் கணவர் மறைந்தபின் இயற்றுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஆயினும் ஏழு பிள்ளைகளைக் காக்கும் பொறுப்புடன் ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் தொடர்ந்து வாசித்தார். 1878 முதல் 1892 வரை பிராங்க்பர்ட் நகர இசைக்கல்லூரியில் கற்பித்தார். 1891இல் கடைசியாக மேடையேறி, 1896இல் மறைந்தார்.

1843இலேயே தந்தையும் மகளும் மனத்தாங்கல் நீங்கினர். பிற்காலத்தில் தந்தையின் கண்டிப்பை அவர் நன்றியுடனேயே நினைவுகூர்ந்தார். அந்த அடித்தளமின்றி அவர் வளர்ந்திருக்க முடியாது. அந்தப் பிடியிலேயே இருந்திருந்தாலும் வளர்ந்திருக்க முடியாது.

ஆகவே, பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு ஒழுங்கான பயிற்சியைத் தவறாது கொடுங்கள். அவர்கள் எந்த இசையை விரும்புகிறார்கள் என்பதையும் கேட்டறியுங்கள். தம் நாட்குறிப்பைத் தாமே எழுதும் பருவம் வரும்போது, எழுதுகோலை அவர்கள் கையில் மகிழ்ச்சியுடன் கொடுத்துவிடுங்கள்.