மருந்தேற்றிய பின் இதயத்தையும் கவனிப்போம்

(நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

இலங்கைப் பெண்களிடம் அதிகம் காணப்படுவது மார்புப் புற்றுநோய். மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய் மருந்தேற்றி, சுகமாகி ஊர் திரும்பியவர்களுக்காக இன்று பேசுகிறேன்.

சிறுநீரைக்கூடச் சிவப்பாக்கும் மருந்தொன்று உண்டு, பெயர் டொக்சோருபிசின். இத்தாலி மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து 1960களில் உருவானது. ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் ஏட்ரியாமைசின் என்றும் சொல்வார்கள். புற்றுநோயை அழிக்கும் இம்மருந்து சிலருக்கு இதயத் தசையையும் பலவீனமாக்கும். அந்தத் தசைக் கலங்கள் இலகுவில் புதிதாக உருவாவதில்லை. ஆகவே வாழ்நாளில் ஏற்றிய மொத்த அளவே முக்கியம். உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் என்பதே பொதுவான எல்லை. பாதிப்பு சில மாதங்களில் தெரியலாம். பல வருடங்கள் கழித்தும் தெரியலாம்.

ட்ராஸ்டுசுமாப் ஏற்றும்போதும் இதயம் தளரலாம். ஆனால் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும். அதற்காகவே சுமார் மூன்று மாதத்துக்கொரு தடவை எக்கோ எடுக்கிறார்கள். கெப்சிற்றபைன் மாத்திரை சிலருக்கு இதய இரத்தக் குழாயைச் சுருக்கி நெஞ்சுவலி தரும். டமொக்சிபென் குடிப்பவர்களில் சிலருக்குக் கால் நாளத்தில் இரத்தம் கட்டியாகலாம்.

இதைக் கேட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நேரத்தோடு கண்டுபிடித்தால் இதயத்துக்கும் மருந்துண்டு.

கண்டுபிடிக்கத் தடையாக இருப்பது எங்கள் மறைக்கும் பழக்கம். மகளின் கல்யாணப் பேச்சு குழம்பிவிடும் என்று நோயை மறைக்கிறோம். மூச்சு வாங்குகிறது என்று வருபவரிடம், "முந்தி ஏதும் வருத்தம் இருந்ததா?" என்று வைத்தியர் கேட்பார். கூட வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இல்லை" என்பார் அவர். இழுப்பு என்று நினைத்து மருந்து கொடுபடும்; இதயத்தின் தளர்ச்சி தெரியாமலே போகும். ஊருக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். வைத்தியரிடம் மட்டும் மறைக்க வேண்டாம்.

கிளினிக் கொப்பியையும் டயக்னோசிஸ் கார்டையும் எத்தனை வருடமானாலும் பத்திரப்படுத்துங்கள். படியேறினால் இளைப்பு, படுத்தால் மூச்சுமுட்டல், இரு கால் வீக்கம், படபடப்பு என்றால் அவற்றோடு வைத்தியரிடம் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே காட்டுங்கள். நெஞ்சுவலியோ திடீர் மூச்சுத்திணறலோ என்றால் உடனே 1990க்கு அழையுங்கள். பிரஷரையும் சீனியையும் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.

தங்கைமாரே, இந்தப் பாடசாலை எங்களுக்கு வாசிக்கக் கற்றுத் தந்தது. உங்கள் உறவிலோ அயலிலோ சிகிச்சை முடித்த ஒருவர் இருந்தால், அவருடைய கொப்பியை வாசித்து விளக்குங்கள். ஒரு நாள் அவரோடு கிளினிக்குக்கும் போய் வாருங்கள்.