நத்தை வரைந்த கோடு

சங்கரன்கோவில் பக்கத்தில் நத்தை கண்ணில் படும் காலம் குறைவு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கும் ஊர் இது. ஆனி, ஆடியில் காற்றுதான் பலமாக வீசும். மண் ஊறும்படி பெய்வது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அந்த மழை இரண்டு நாள் விடாமல் பெய்துவிட்டால் துவைக்கிற கல்லின் அடியிலும், அடிபம்புத் திட்டிலும், பப்பாளி மரத்தின் தூரிலும் நத்தைகள் ஊர ஆரம்பிக்கும். பள்ளிப் பிள்ளைகள் நத்தையைப் பார்த்து ஒரு சார்ட் செய்வதற்கு ஏற்ற பருவம் அதுதான்.

இங்கே சார்ட் என்பது கடையில் வாங்கிய படத்தாளை வெட்டி ஒட்டுவது அல்ல. அப்படி ஒட்டிய படத்தில் எந்த ஊர் நத்தையும் இருக்கலாம். பிள்ளை தன் கண்ணால் கண்டது மட்டுமே இதில் ஏற வேண்டும். அதனால் தாளின் தலைப்பகுதியில் முதலில் எழுத வேண்டியவை தேதி, நேரம், இடம், அன்று மழையா வெயிலா என்பது.

வெள்ளைச் சார்ட் தாள் ஒன்று, கறுப்புத் தாளில் ஒரு பட்டை, பென்சில், வண்ணப் பென்சில், ஸ்கேல், தையல் நூல், உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி ஒன்று. இவை போதும்.

வரையும்போது பிள்ளைகள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் இரண்டு. ஒன்று, முகத்தில் கண் வைப்பது. நத்தையின் கண்கள் மேலே நீண்ட இரண்டு கொம்புகளின் நுனியில் கரும்புள்ளியாக இருக்கும். கீழே உள்ள சிறு கொம்புகள் இரண்டும் தரையைத் தடவிச் சுவையும் வாசமும் அறியும். இன்னொரு பிழை, ஓட்டின் சுருளை மாற்றிப் போடுவது. வெறும் ஓட்டைக் கூர்முனை மேலே இருக்குமாறும் வாய் தன்னைப் பார்க்குமாறும் பிடித்தால், பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் அமையும். விலங்கியல் இதை வலச்சுருள் என்கிறது. பூசையில் ஊதும் சங்கும் கடலில் வாழும் நத்தை இனத்தின் ஓடுதான். ஆனால் வலச்சுருள் கொண்ட சாதாரணச் சங்கைத் தமிழில் இடம்புரி என்றும், அரிதாகக் கிடைக்கும் இடச்சுருள் சங்கை வலம்புரி என்றும் சொல்வது வழக்கம். இரண்டு வழக்கும் எதிரெதிராக இருப்பதால் சார்ட்டில் அந்தச் சொற்களை எழுதாமல் ‘வாய் வலப்பக்கம்’ என்று எழுதுவதே தெளிவு.

ஓட்டின் அளவுக்கு நூல் உதவும். வெறும் ஓட்டின் உச்சியிலிருந்து வாய் வரை சுருளின் மேலேயே நூலை ஓட்டி, வெட்டி, நேராக்கித் தாளில் ஒட்டினால் அந்த வீட்டின் உண்மை நீளம் தெரியும். விரல்நுனி அளவு ஓட்டுக்குள் எவ்வளவு நூல் சுருண்டிருந்தது என்பதைப் பிள்ளைகள் அப்போதுதான் அறிவார்கள்.

எல்லாவற்றிலும் அருமையான பகுதி கறுப்புத் தாள்தான். அதன் மேல் நத்தையைச் சிறிது நேரம் ஊரவிட்டு, எடுத்தபின் தாளைக் காயவைத்தால், அது போன வழி வெள்ளிக்கோடாகத் தெரியும். ஊர்வதற்காக நத்தை தன் பாதத்திலிருந்து விடும் பசை அது. நத்தையே வரைந்த அந்தக் கோட்டை அப்படியே சார்ட்டில் ஒட்டலாம். அதைவிட நல்ல படம் வேறு எதுவும் கிடையாது. பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சென்டிமீட்டர் ஊர்ந்தது என்று பார்த்து எழுதலாம்.

டப்பா மூடியின் உட்புறம் கொஞ்சம் அரிசி மாவைக் கரைத்துப் பூசி, அதில் நத்தையை விட்டு அடியிலிருந்து பார்த்தால் இரண்டு காட்சிகள் கிடைக்கும். பாதத்தில் மெல்லிய பட்டைகள் வாலிலிருந்து தலையை நோக்கி அலை அலையாக நகரும். தசை சுருங்கி விரிவதுதான் அந்த அலை. வாய்க்குள் இருக்கும் நாடா போன்ற நாக்கில் நுண்ணிய பற்கள் வரிசையாக உண்டு. அது மாவைச் சுரண்டிய தடம் வளைந்து வளைந்து தெரியும்.

தொல்காப்பியத்தின் மரபியல், நத்தையை நந்து என்ற பழம்பெயரால் குறித்து, தொடுவுணர்வும் சுவையுணர்வும் கொண்ட ஈரறிவு உயிர்களில் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் சேராத வாசவுணர்வைச் சோதித்துப் பார்க்க, எட்ட ஒரு வெள்ளரித் துண்டை வைத்து, நத்தை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குறிக்கலாம்.

கை வைப்பதில் கவனம் தேவை. 1847இல் பென்சன் என்பவர் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கப் பெருநத்தை இன்று கேரளம் உட்படப் பல மாநிலங்களில் பயிரைத் தின்று அழிக்கிறது. மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் புழு அதன் உடலில் இருக்கலாம். எந்த நத்தையானாலும் இலையாலோ குச்சியாலோ எடுப்பதும், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம். அந்த டப்பா மூடியைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகக் கூடாது. நத்தை மேல் உப்புப் போட்டுப் பார்க்கும் விளையாட்டும் வேண்டாம். உடலின் நீரெல்லாம் வெளியேறி அது துடித்துச் சாகும். பார்த்து முடித்ததும் எடுத்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்.

தாளின் கீழ்ப்பாதியை வெறுமையாக வைத்திருப்பது நல்லது. அது பங்குனி, சித்திரைக்கு. வெயில் ஏறியதும் நிலத்து நத்தை ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயைத் தன் பசையால் மூடிக்கொள்ளும். காய்ந்த பசை தாள் போன்ற மூடியாகிவிடும். குளத்து நத்தைகள் பலவற்றுக்கு எப்போதும் கெட்டியான மூடி உண்டு. நிலத்து நத்தையுடையதோ கோடைக்கு மட்டும் போடும் மூடி. கல்லிடுக்கில் அப்படி ஒட்டிக் கிடப்பதைக் கண்டால் இருந்த இடத்திலேயே வைத்துப் பார்த்து வரைய வேண்டும். மூடியை நகத்தால் பெயர்க்கக் கூடாது. உள்ளே நத்தை உயிரோடு இருக்கிறது.