உறங்கியவர்களுக்காகப் பரிந்தவர்

வனாந்தரத்தில் யேசுவுக்கு வந்த முதற் சோதனை அரசோ புகழோ அல்ல, அப்பம். 40 நாள் உபவாசத்தின் பின் அவருக்குப் பசித்ததென மத்தேயு எழுதுகிறார். கடவுளுக்குப் பசிக்குமா? அவர் உடலே வெறுந்தோற்றம் என்றோரும் ஆதியில் இருந்தனர். பசி நடிப்பாயின் வெற்றியும் நடிப்புத்தானே! 451இல் கல்செதோன் சங்கம் அவரை முழுமையான கடவுள், முழுமையான மனிதர் என்று அறிக்கையிட்டது.

ஆயினும், சங்கத்தின் சொற்களைவிட எனக்கு நெருக்கமானது கெத்செமனே இரவு. தம்மோடு விழித்திருக்கும்படி மூன்று சீடரைக் கேட்டார், அவர்கள் உறங்கிவிட்டார்கள். கடிந்தார்தான். ஆனால், மனம் விரும்பினாலும் உடல் தளர்ந்துவிடுகிறது என்று அவர்களுக்காகப் பரிந்தும் பேசினார். துன்பப் பாத்திரம் நீங்காதா என்று சற்றுமுன் நிலத்தில் விழுந்து மன்றாடியவர் அவர். அந்தத் தளர்ச்சியைச் சீடரிடம் மட்டுமா கண்டார்?