இதயத்தின் காவலன்

(யூபிலி ஆண்டு நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யூபிலியை முன்னிட்டு ஆலயத்தைப் புதுப்பித்து மகிழ்கிறோம். இறைவன் குடிகொள்ளும் மற்றோர் ஆலயம் நம் உடல். அங்கே இரவும் பகலும் ஓயாமல் ஒலிக்கும் மணி நம் இதயம். நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் தடவை துடிக்கும் இந்த இதயத்தை ஆபத்து வேளையில் காக்க, இறைவன் அதற்குள்ளேயே ஒரு காவலனை வைத்திருக்கிறார். அவனைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

இதயம் துடிக்கச் சக்தி வேண்டும். அதை வழங்கும் பொருளுக்கு ஏ.டி.பி. என்று பெயர். 1929இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டவர்களுள் ஒருவர், நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அதே ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ட்ரூரி, செண்ட்-ஜியார்ஜி என்னும் இருவர், அடினோசின் என்ற பொருள் இதயத் துடிப்பைத் தணிப்பதையும் இதய இரத்தக் குழாய்களை விரிப்பதையும் கண்டார்கள். ஏ.டி.பி. உடைந்து சிதையும்போது பிறப்பதே இந்த அடினோசின். நாம் சொன்ன காவலன் இவன்தான்.

இதயத்துக்குச் செல்லும் குழாயில் அடைப்பு நேர்ந்தால் பிராணவாயு குறைகிறது. ஏ.டி.பி. செலவாகிறது, ஈடுகட்ட வரவு இல்லை. வரவு குறைந்த வீட்டில் குடும்பத் தலைவி என்ன செய்வாள்? செலவைச் சுருக்குவாள், கிடைப்பதைச் சிந்தாமல் எல்லோருக்கும் பங்கிடுவாள். அடினோசினும் அப்படியே துடிப்பைத் தணித்து வேலையைக் குறைக்கிறது. சிறு குழாய்களை விரித்து, கிடைக்கும் இரத்தத்துக்கு வழிவிடுகிறது. இரத்தம் மேலும் உறைவதையும், வெள்ளணுக்கள் வந்து தசையைப் புண்படுத்துவதையும் மட்டுப்படுத்துகிறது. நெஞ்சில் வலியை எழுப்புவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஆம், காவலனே மணியடித்து நம்மை எழுப்புகிறான்!

1986இல் அமெரிக்க ஆய்வாளர்கள் நாய்களின் இதயக் குழாயை 5 நிமிடம் வீதம் 4 முறை அடைத்துத் திறந்தார்கள். அதன்பின் 40 நிமிடம் அடைத்தபோது, வழக்கமாக நேரும் சேதத்தில் கால் பங்கே நேர்ந்தது. சிறு துன்பத்தில் பழகிய இதயம் பெருந்துன்பத்தைத் தாங்கியது. இதில் அடினோசினின் பங்கை 1991இல் நடந்த ஆய்வு விளக்கியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 3 மணி நேரம் அடைத்தபோது அந்தப் பாதுகாப்பு பயன்படவில்லை. மாரடைப்பு நோயாளிகளுக்கு அடினோசினையே மருந்தாகச் செலுத்திப் பார்த்த பெரிய ஆய்வு 2005இல் வெளியானது. அதிலும் உயிரிழப்பு திட்டவட்டமாகக் குறையவில்லை. காவலன் அடைப்பை நீக்க மாட்டான். சிறிது நேரம் மட்டுமே தாக்குப்பிடிப்பான். கதவைத் திறக்க வேண்டியவர்கள் மருத்துவர்கள். அவர்களிடம் போய்ச் சேர வேண்டியவர்கள் நாம்.

நம்மிடையே நடப்பது என்ன? நெஞ்சு அடைத்தால் "வாயு" என்கிறோம். சோடா குடிக்கிறோம், சுக்குக் கஷாயம் வைக்கிறோம், "விடியட்டும் பார்க்கலாம்" என்கிறோம். காவலன் வாங்கித் தந்த நேரமெல்லாம் இப்படியே வீணாகிறது.

நெஞ்சில் பாரம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் இவை கண்டால் உடனே 108க்குத் தொலைபேசி செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் வலியே இல்லாமலும் வரலாம். நோயாளியை நடக்க விடாதீர்கள்; தானே வண்டி ஓட்டிச் செல்லவும் விடாதீர்கள். 2023இல் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் முதல் மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் 2010இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுவையில் ஜிப்மர் இருக்கிறது. எங்கே போவது என்பதைக் குடும்பத்தார் இன்றைக்கே கலந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பார்ந்தவர்களே! நல்ல சமாரியன் வழியில் கிடந்தவனைக் கண்டதும் யோசனை சொல்லிக்கொண்டு நிற்கவில்லை. காயத்தைக் கட்டி, தூக்கிக்கொண்டு போனான். அடுத்த வீட்டில் நள்ளிரவில் குரல் கேட்டால் நாமும் அவ்வாறே எழுந்து ஓடுவோம். அதுவே இந்த யூபிலி ஆண்டில் நாம் ஒருவருக்கொருவர் அளிக்கும் நற்கொடையாகட்டும்.