விருந்தும் விலையும்

இல்லத்திற்கு வருபவன் விருந்தினன். கடைக்கு வருபவன் வாடிக்கையாளன். முன்னவனுக்கு அன்போடு உணவிடுதல் மரபு. பின்னவனிடம் விலை பெறுதல் வணிகம். விலை உள்ளே நுழைந்தவுடன் விருந்தோம்பல் வெளியேறிவிடுகின்றதா? இவ்வினாவிற்கு விடை தேடி நூல்நிலையம் செல்ல வேண்டியதில்லை. காத்தான்குடியின் பிரதான வீதியிலே மாலைப் பொழுதில் சிறிது தூரம் நடந்தாற் போதும்.

மட்டக்களப்பு நகருக்குத் தெற்கே, கல்முனை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக அமைந்த ஒடுங்கிய நிலத்திலே முஸ்லிம் மக்கள் நெருங்கி வாழும் வணிக நகர் காத்தான்குடி. வீதியின் நடுவே பேரீச்ச மரங்கள் அணிவகுத்து நிற்கும். பொழுது சாய்ந்ததும் உணவகங்களிலிருந்து ஓர் ஓசை எழும். சூடேறிய இரும்புத் தட்டின்மீது இரு தகடுகள் தாளம் தவறாது விழ, ரொட்டியும் முட்டையும் வெங்காயமும் இறைச்சியும் ஒன்றாகிக் கொத்துரொட்டி உருவாகும் ஓசை அது. அவ்வுணவு கிழக்கிலங்கையிலே பிறந்தது என்பது பலர் கொள்கை.

மேலை நாடுகளில் மாட்டிறைச்சித் துண்டைத் தணலிற் சுட்டுப் பரிமாறுதற்கென்றே தனி உணவகங்கள் உண்டு. இவ்வூரில் அவற்றுக்கு நிகராக நிற்பவை மாட்டிறைச்சி ஆணத்துக்குப் பேர்பெற்ற சிறு கடைகளே. அங்கே கத்தியும் முள்ளும் இல்லை, கையே கருவி. கை கழுவும் இடம், வாயிலில் பணப்பெட்டியோடு முதலாளி, மேசைகளுக்கிடையே விரையும் இளைஞர் இருவர்: இவ்வளவே கடை.

விரைந்து, முகமலர்ந்து, ஓசையின்றிப் பரிமாறும் கலைக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்றுண்டு. இப்றாஹீம் நபி அவர்களிடம் முன்பின் அறியாத விருந்தினர் சிலர் வந்த செய்தியைத் திருக்குர்ஆன் கூறுகின்றது. அவர் யாருக்கும் சொல்லாது உள்ளே சென்றார்; கொழுத்த கன்றொன்றைப் பொரித்துக் கொணர்ந்தார்; அதனை அவர்களுக்கு அருகிலே வைத்தார்; உண்ணமாட்டீர்களா என்று மென்மையாக வினவினார். காலம் தாழ்த்தாமை, நல்லதையே தருதல், விருந்தினரை எழுந்து வரச் செய்யாமை, வற்புறுத்தாது வேண்டுதல் ஆகிய நான்கும் அச்சிறு நிகழ்ச்சியுள் அடங்கியுள்ளன. விருந்தோம்பலுக்கெனத் தனி அதிகாரமே வகுத்த வள்ளுவரும், விருந்தினர் உள்ளம் மிக நொய்யது என்பதையன்றோ அதன் முடிவிலே உணர்த்துகின்றார்!

கடை என்பது ஒரு வகையில் நம்பிக்கையின் பரிமாற்றம். இலங்கைத் தேநீர்க் கடைகளிலே ஒரு வழக்கம் உண்டு. ரோல்ஸ், பற்றிஸ், வடை ஆகியவற்றை ஒரு தட்டிலே நிறைத்து மேசைமீது வைத்துவிடுவர். வந்தவர் வேண்டியதை உண்பார், உண்டவற்றுக்கே பணம். இங்கே கடைக்காரர் உண்பவரை நம்புகின்றார். சட்டிக்குள் இருப்பது இன்னதென்று கடைக்காரர் கூறும்போது உண்பவர் அவரை நம்புகின்றார். இரண்டில் எது முறிந்தாலும் கடை முறிந்தது.

காத்தான்குடிக்கு வடக்கே நாவற்குடாவும் தெற்கே ஆரையம்பதியும் தமிழ் ஊர்கள். அங்குள்ள இந்துக்களிற் பலர் மாட்டிறைச்சி உண்ணாதவர். அத்தகைய முதியவர் ஒருவர், பஸ்ஸைத் தவறவிட்டுப் பசியோடு இக்கடைக்குள் நுழைகிறார் என வைத்துக்கொண்டாற் பணியாளனின் தகுதி அப்பொழுதே விளங்கும்.

“தம்பி, சாப்பிட என்ன இருக்கு?”

“ஐயா, அடுப்பில இருக்கிறது மாட்டிறைச்சி. உங்களுக்கு மீன் ஆணம் இருக்கு. அதுக்கு வேற சட்டி, வேற அகப்பை. கொண்டு வரட்டா?”

கேளாமலே சொன்ன அந்த ஒரு சொல் எத்தனை புன்சிரிப்புக்கும் மேலானது. அதே அகப்பையைக் கோழி ஆணத்திலும் இட்டுவிட்டு மௌனம் காத்திருந்தால் அம்முதியவர் அறியப்போவதில்லை. அவர் அறியாத இடத்திலும் அவருடைய நோன்பைக் காப்பதே சேவை. பௌர்ணமிப் போயா நாள்களில் இறைச்சிக் கடைகள் மூடப்பட்டிருக்கும். அன்று இறைச்சி தேடி வருபவனிடம் ‘இல்லை’ என்று முகந்திருப்புவதும் ஒரு விடை, ‘இன்று போயா, இறால் நன்றாக இருக்கிறது’ என்பதும் ஒரு விடை. பொருள் ஒன்றே, மனிதர் வேறு.

ஒரு சொல்லின் விலையைக் கிழக்கு மாகாணம் கசப்போடு கற்ற இரவும் உண்டு. 2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆம் நாள் அம்பாறை நகரில், முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில், கறியிலே கட்டியொன்று கிடப்பதாகச் சிலர் கூறி, அது மலட்டுத்தன்மை உண்டாக்கும் மருந்தென்று குற்றஞ்சாட்டினர். பணப்பெட்டியருகே இருந்தவருக்குச் சிங்களம் சரிவரத் தெரியாது. வினாவை விளங்காமலே அவர் ‘ஆம்’ என்று கூறிய விடை காணொளியாகப் பரவியது. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. கட்டியாகக் கிடந்தது மாப்பொருளே எனப் பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வு தெரிவித்தது. ஆனால் அறிக்கை மெல்ல வந்தது, வதந்தி முந்திவிட்டது. பழி சுமத்தியோரின் குற்றம் அவர்களுடையதே. எனினும், வருபவரின் மொழியிலே நாலு வார்த்தை அறிந்திருத்தல் கடைக்கு அலங்காரமன்று, அரண் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. பசித்து வருபவரும் கடைக்காரரின் மொழியிலே நாலு வார்த்தை கற்றிருந்தால் அரண் இருமடங்காகும்.

காத்தான்குடி தன் பங்குத் துயரையும் கண்ட ஊர். 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆம் நாள் இரண்டு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக்கொல்லப்பட்டனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டு வெடித்தபோது, அக்கொடுமைக்குத் தலைமை தாங்கியவன் இவ்வூரான் என்பதால் ஊர் முழுவதும் தலைகுனிந்தது. அதன்பின் நாட்டின் பல பகுதிகளில் முஸ்லிம்களின் கடைவாயிலைப் பலர் மிதிக்காது விலகினர். அச்சம் கொண்ட அயலவன் மீண்டும் ஒரு கடைக்குள் நுழைவது மேடைப் பேச்சினாலன்று. பசியினாலும், பழைய பழக்கத்தினாலும், உள்ளே ஒருவர் ‘வாங்க’ என்று அழைப்பதனாலுமே.

இவ்வூர் வீடுகளில் விருந்தென்றால் ‘சஹன்’ எனும் பெருந்தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்பர். தமக்கு முன்னுள்ள பகுதியிலிருந்தே எடுத்தல் ஒழுக்கம். நல்ல இறைச்சித் துண்டை அருகிருப்பவர் பக்கம் நகர்த்துதல் அன்பு. கடையிலே தட்டுகள் தனித்தனி; கணக்கும் தனித்தனி. ஆயினும் சஹனின் ஒழுக்கத்தை அங்கும் காக்கலாம். உணவுக்குரிய விலையை உண்பவர் கொடுத்துவிடுகிறார். அகப்பையை வேறாக வைத்த கைக்கு விலைப்பட்டியலிலே இடமில்லை. விருந்தோம்பல் விலையோடு கூடி வாழும் இடம் அதுவே.